பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு நாலு நாள் களிம்பு தடவிவிட்டு மறந்துபோகும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் தவறுதான், ஆனால் பெரிய சேதம் வராது. நுரையீரல், ரத்தம், மூளை என்று பூஞ்சை உள்ளே இறங்கிய பிறகும் அதே அலட்சியத்தோடு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த மருந்துகள் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி ரகம். காரணம், பூஞ்சை நமக்குத் தூரத்துச் சொந்தம். பாக்டீரியாவின் செல் வேறு, நம் செல் வேறு. பூஞ்சையின் செல்லோ நம்முடையதைப் போலவே இருக்கும். முக்கியமான வித்தியாசம் அதன் சவ்வில் இருக்கிறது: நமக்குக் கொலஸ்ட்ரால், பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால். ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், வொரிகோனசோல், போசகோனசோல் ஆகிய 'அசோல்' மருந்துகள் எர்கோஸ்டெராலை உண்டாக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. அந்த நொதியின் உறவுக்காரர்கள்தான் நம் கல்லீரலில் உட்கார்ந்துகொண்டு மற்ற மருந்துகளைக் கரைத்து வெளியேற்றுகிறார்கள். பூஞ்சையை அடிக்கும் மருந்து இவர்களையும் சேர்த்துத் தட்டிவிடும். அதனால் ரத்தத்தில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு சுலபமாகக் குலைந்துபோகும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைக் குலைப்பவைதான்.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

இட்ராகோனசோல் சாதாரண கேப்சூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டதும் விழுங்க வேண்டும். அதே இட்ராகோனசோல் திரவ மருந்தாக வந்தால் வெறும் வயிற்றில். பெயர் ஒன்று, விதி நேர் எதிர். வொரிகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ எடுக்க வேண்டும். போசகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், சாப்பாடு இல்லாமலும் எடுக்கலாம். ஃப்ளூகோனசோலையும் எப்போது எடுத்தாலும் சரி.

இட்ராகோனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அசிடிட்டி மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்கு மருந்து உடம்பில் ஏறுவதே குறைந்துவிடும். அப்படிப்பட்டவர்களைச் சர்க்கரையுள்ள கோலாவோடு கேப்சூலை விழுங்கச் சொல்வதுண்டு. டாக்டரே கோலா குடிக்கச் சொல்லும் அபூர்வமான இடம் இது.

வடிவத்தை நாமாக மாற்றுவதும் கூடாது. போசகோனசோல் மாத்திரையின் வழக்கமான அளவு முதல் நாள் 300 மி.கி. இரண்டு வேளை, பிறகு நாளுக்கு ஒரு முறை 300 மி.கி. திரவ மருந்தின் கணக்கு முற்றிலும் வேறு. மாத்திரை கிடைக்கவில்லை என்று அதே மி.கி.க்குத் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டால் போதிய அளவு மருந்து ரத்தத்தில் சேராமல் போகலாம்.

பக்கத்தில் இருக்கும் மற்ற மாத்திரைகள்

என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து இங்கேதான். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர் இட்ராகோனசோலையோ வொரிகோனசோலையோ சேர்த்தால் சிம்வாஸ்டாடின் ரத்தத்தில் எகிறும். தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு வரலாம். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஃப்ளூட்டிகசோன், புடெசோனைடு இன்ஹேலரை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இட்ராகோனசோலோடு அது உடம்பில் தேங்கி, ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவரைப் போல முகம் ஊதும்.

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வொரிகோனசோலைத் தொடங்கும்போது, மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸை வழக்கமாக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, ரத்தத்தில் அளவைப் பார்ப்பார்கள். குறைப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். வொரிகோனசோலை நிறுத்தும்போது டாக்ரோலிமஸை மறுபடி ஏற்ற வேண்டுமே, அங்கேதான் கோட்டை விடுவார்கள். ஏற்றாவிட்டால் உறுப்பை உடம்பு நிராகரிக்கலாம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை பூஞ்சை மருந்தையே வேகமாக எரித்துவிடும். ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் அதன் பாதிப்பு சுமார் இரண்டு வாரம் தொடரும். மூலிகைதானே என்று எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் இதையே செய்யும். ஆகவே இன்ஹேலர், தூக்க மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

உடம்பு தேறியதும் நிறுத்துவது

காய்ச்சல் போய்விட்டது, இருமல் நின்றுவிட்டது, அப்புறம் எதற்கு மாத்திரை? பூஞ்சை மெதுவாக வளரும், மெதுவாகத்தான் சாகும். நுரையீரலில் ஊடுருவிய ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரம் மருந்து தேவை. ரத்தத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை இருந்தால், ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அது மறைந்த நாளிலிருந்து 14 நாள். மூளைச் சவ்வில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை என்றால் கட்டம் கட்டமாக ஒரு வருடத்தை எட்டும்.

மிச்சமான மாத்திரையை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பது இதன் இன்னொரு முகம். ஃப்ளூகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸை ஒன்றும் செய்யாது. கருப்புப் பூஞ்சை என்று சொல்லப்படும் மியூகார்மைகோசிஸை வொரிகோனசோல் தொடாது. எந்தப் பூஞ்சை என்று தெரியாமல் மாத்திரை விழுங்கினால் நாட்கள்தான் வீணாகும்.

பரிசோதனை நாள் காலையில்

ஒரே அளவு வொரிகோனசோல் ஒருவர் ரத்தத்தில் மிகக் குறைவாகவும் இன்னொருவர் ரத்தத்தில் நச்சாகும் அளவுக்கும் ஏறலாம். அதை உடைக்கும் நொதி பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ரத்தம் எடுத்து, சுமார் 1 முதல் 5.5 மைக்ரோகிராம் (ஒரு மி.லி.க்கு) வரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். வழக்கம்போல் காலையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் வரும் எண் அர்த்தமற்றது. கல்லீரல் பரிசோதனைக்கும் நாள் தவறாமல் போக வேண்டும். கண் மஞ்சளானால், சிறுநீர் கருத்தால், பசி அற்றுப்போனால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

வொரிகோனசோல் எடுத்த சற்று நேரத்தில் பார்வை மங்கலாம், நிறங்கள் மாறித் தெரியலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், ஆனால் இரவில் வண்டி ஓட்டக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. மாதக்கணக்கில் எடுப்பவருக்கு எலும்பு வலித்தால் வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். அந்த மருந்தில் ஃப்ளூரின் இருக்கிறது; எலும்புறையில் வீக்கம் உண்டாக்கும். இட்ராகோனசோலில் கால் வீங்கி மூச்சு வாங்கினால் இதயம் திணறுகிறது என்று பொருள், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்து ரத்தக் குழாய் வழியாக ஏறுவது, மருத்துவமனை விஷயம். இருந்தாலும் கூட இருப்பவர் ஒன்று தெரிந்துகொள்ளலாம். அதில் சாதாரண வகையும் உண்டு, நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த லிப்போசோமல் வகையும் உண்டு. சாதாரண வகை நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. லிப்போசோமல் 3 முதல் 5 மி.கி. வரை போகும். இரண்டும் மாறிப்போய் உயிர் போன சம்பவங்கள் உண்டு. "இது எந்த வகை?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவரும், கர்ப்பமாகத் திட்டமிடுபவரும் முதல் மாத்திரைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வேளை தவறிவிட்டால், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். வொரிகோனசோல் திரவ மருந்தைத் தண்ணீர் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. 14 நாள் ஆனதும் பாட்டிலில் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.