கோரல் போலிப் மூடிக்கிச்சா? உடனே பாட்டிலைத் தூக்காதீங்க

பாண்டி, கடலூர் பக்கம் ரீஃப் டேங்க் (கோரல், அதாவது பவளம் வளக்குற கடல்தண்ணி தொட்டி) வெச்சிருக்கவங்களுக்கு மே மாசம் வந்தா ஒரே புலம்பல்தான், "ஜோவா திறக்கவே மாட்டேங்குது, என்ன ஊத்தலாம்?"னு. ஜோவான்னா கொத்துக் கொத்தா வளர்ற ஜோவாந்திட், கோரலோட சொந்தக்காரன். மருந்து ஒண்ணும் ஊத்தாதீங்க. எது மூடியிருக்கு, எது திறந்திருக்குன்னு முதல்ல பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு.

போலிப்புங்கிறது கோரல்ல இருக்கிற ஒவ்வொரு குட்டி உயிர், அதுக்கு ஒரே வாய்தான், சாப்பாடு உள்ள போறதும் கழிவு வெளிய வர்றதும் அது வழியாதான். உடம்புக்குள்ள தண்ணிய இழுத்து உப்புனா விரியும், வெளிய விட்டா சுருங்கிடும். திசுக்குள்ள குடியிருக்கிற பாசி வெளிச்சத்துல சாப்பாடு தயாரிச்சு குடுக்கிறதால ஜோவா, ஜிஎஸ்பி (கிரீன் ஸ்டார் போலிப்ங்கிற கோரல்) எல்லாம் லைட் எரியும்போது விரிஞ்சு நிக்கும், ராத்திரி மூடிக்கும், அது தூக்கம் மாதிரிதான், பயப்பட ஒண்ணுமில்ல. அதனால லைட் போட்டு ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு, தினமும் அதே நேரத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க. காலைல எழுந்ததும் பாத்துட்டு பதறுறதுல அர்த்தமே இல்ல.

ஒரே ஒரு காலனி (சேர்ந்து வளர்ற போலிப் கூட்டம்) மட்டும் மூடியிருந்தா தண்ணி மேல பழி போடாதீங்க, பக்கத்துல யாரு இருக்கான்னு பாருங்க, ஹெர்மிட் நண்டு மேல ஏறி நடக்குதா, மீன் கொத்துதா, மணல் படிஞ்சிருக்கா, வேவ்மேக்கர் (அலை உண்டாக்குற பம்ப்) நேரா மூஞ்சில அடிக்குதா, இல்ல பக்கத்து கோரல் ராத்திரில நீளமா டென்டக்கிள் (உணர்கொம்பு) விட்டு கொட்டுதா. ராத்திரி சிவப்பு டார்ச் அடிச்சு பாத்தாதான் இதுல பல விஷயம் தெரியும். ஜோவாவைத் தின்னுற நூடிபிராங்க்ங்கிற ஓடில்லாத கடல் நத்தை ஜோவா நிறத்துலயே இருக்கும், பகல்ல கண்ணுக்கு மாட்டாது. ஜோவா காம்பு நீண்டு எட்டிப் பாக்குற மாதிரி வளர்ந்தா பெரும்பாலும் வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம்.

தோல் மாதிரி இருக்கிற மென்பவளம் லெதர் கோரல், அது கதையே வேற. ஒரு வாரம், சில சமயம் அதுக்கும் மேல போலிப்பே காட்டாம பளபளன்னு மெழுகு பூசின மாதிரி கிடக்கும். தோல் உரிக்குது, அவ்ளோதான். செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, கொஞ்சம் ஃப்ளோ (தண்ணி ஓட்டம்) ஏத்தி விட்டா அந்த தோல் கழண்டு போயிடும். ஜீனியாங்கிற மென்பவளம் விரிஞ்சு மூடி துடிக்கிறதும் சும்மா அழகுக்கு இல்ல, செங்கடல் வகை ஒண்ண வெச்சு செஞ்சு 2013ல வந்த ஆராய்ச்சி, அந்தத் துடிப்பு திசுவைச் சுத்தி தேங்குற ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு ஒளிச்சேர்க்கையைக் கூட்டுதுன்னு காட்டுச்சு. தினமும் துடிச்சிட்டிருந்த ஜீனியா திடீர்னு நின்னா தண்ணிய சோதிக்கிற டெஸ்ட் கிட்டை எடுங்க.

டேங்க் மொத்தமும் சுருங்கியிருந்தாதான் தண்ணி விவகாரம். நம்ம ஊர்ல முதல் சந்தேகம் சூடு, ரெண்டாவது உப்பு, ரெண்டும் ஜோடியாதான் வரும், ஏன்னா சூட்டுக்கு ஃபேன் வெப்போம், தண்ணி ஆவியாகும், உப்பு ஏறும். சூடு 25லேருந்து 27 டிகிரி, உப்பு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு), இதுல நிறுத்துங்க. கடல் காத்து ஈரமா அடிக்கிற நாள்ல ஃபேன் பெருசா குளிர வைக்காது, அதனால கோரல் வளக்கணும்னா சில்லருக்கு (தண்ணிய குளிர வைக்கிற மெஷின்) காசு எடுத்து வைங்கன்னுதான் சொல்வேன். குறைஞ்ச தண்ணிக்கு ஆர்ஓடிஐ தண்ணி (உப்பு, தாது எல்லாம் வடிகட்டின சுத்தத் தண்ணி) ஊத்துங்க, உப்புத்தண்ணியும் வேணாம் போர் தண்ணியும் வேணாம். சூடு நாள் கணக்கா 30 டிகிரிக்கு மேல போனா போலிப் தன் பாசியையே வெளிய துப்பிட்டு வெளுத்துடும். அல்கலினிட்டி (காரத்தன்மை, அதை அளக்குற அலகு டிகேஎச்) 8, 9 டிகேஎச்ல இருந்தா போதும், குறைஞ்சிருந்தா ஒரே நாள்ல ஏத்தாதீங்க, ஒரு நாளைக்கு 1க்குள்ள ஏத்துங்க.

பீச் தண்ணி ஃப்ரீதானேன்னு கேப்பாங்க. மழைக்காலத்துல தென்பெண்ணையும் கெடிலமும் வந்து கலக்கும்போது கரையோரத் தண்ணில உப்பு இறங்கிடும், வேணாம். தானே புயல், ஃபெஞ்சல் புயல் மாதிரி அடிச்சா கரண்ட் எப்ப வரும்னே சொல்ல முடியாது, பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்.

கல் பவளமும் கடல் விசிறியும் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல அட்டவணை ஒண்ணுல, அதாவது உச்சபட்ச பாதுகாப்புல இருக்கு, மன்னார் வளைகுடாலேருந்து யாராவது பிடிச்சுத் தர்றேன்னா வாங்கிடாதீங்க.

கடைசியா, ஜோவாவைத் தொடும்போது கிளவுஸ், கண்ணாடி ரெண்டும் போடுங்க. சில வகைல பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு, ஜோவா ஒட்டியிருக்கிற கல்லை சுத்தம் பண்றேன்னு கொதிக்க மட்டும் வைக்கவே வைக்காதீங்க, அந்த ஆவியே ஆஸ்பத்திரில கொண்டு போய் விட்டுடும்.