“அவர் திருப்திக்காக சார்”: நோய்ப் பயத்தோடு வருபவரிடம் டாக்டர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் என் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர், படபடப்பு என்று வந்த ஒருவருக்கு நான்காவது முறையாக ஈசிஜி எழுதினார். ஏன் என்று கேட்டேன். “அவர் திருப்திக்காக சார்” என்றார். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நோயாளியை அதட்டாதே, சிரிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

திருப்திக்காக டெஸ்ட் எழுதுவது

இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வரும், என் மேலேயே.

லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதும் 34 வயதுக்காரர். பக்கத்து மேசைக்காரர் மாரடைப்பில் போனதிலிருந்து அவருக்குப் பயம். ஈசிஜி எடுத்தேன், நார்மல். இரண்டு மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தார், எக்கோ எடுத்தோம். அதுவும் நார்மல், ஆனால் நிம்மதி மூன்று வாரம்தான். டிரெட்மில் ரிப்போர்ட் வாங்கிய பிறகு நாலே நாள். நிம்மதி தேய்ந்துகொண்டே போவதுதான் முக்கியமான அறிகுறி. அது என் கண்ணில் படவில்லை.

அப்புறம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். “ஒரேயடியாக எல்லாத்தையும் பார்த்துடுவோம்” என்று முழு உடல் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் நார்மல் அளவு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நல்லா இருக்கிறவருக்கே ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. இவருக்குத் தாண்டியது பிலிருபின், கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறப் பொருள். 1.2க்குள் இருக்க வேண்டியது 1.6 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் அம்புக்குறியோடு வந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான் இருக்கும். கில்பர்ட் என்று பெயர், சிகிச்சையே தேவையில்லை. பொறுமையாக விளக்கினேன். அவர் காதில் ‘கல்லீரல்’ மட்டும்தான் விழுந்தது.

மறுநாளிலிருந்து பல் தேய்க்கும்போதெல்லாம் இமையை இழுத்து, கண்ணாடியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். இரண்டு ஸ்கேன், வெளியூர் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அவர் தூக்கிக்கொண்டு அலைந்த மஞ்சப்பையில் பாதிச் சீட்டு என் கையெழுத்து.

இப்போதெல்லாம் முதலில் ஒன்று கேட்கிறேன்: “போன ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் எத்தனை நாள் நிம்மதியா இருந்தீங்க?” பதில் சொல்லும்போது கையைக் கவனிப்பேன். விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடி தேடும். சிலர் சட்டைப் பையில் ஆக்ஸிமீட்டர் இருக்கும். கழுத்தில் நெறிக்கட்டியைத் தேடி அழுத்தி அழுத்தியே வலிக்க வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அந்த வலி அவர்களுக்கு இன்னொரு ஆதாரம்!

அடுத்த வருகைக்குத் தேதி போட்டுவிடுகிறேன். உபாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு வர வேண்டும், ஒரே டாக்டரிடம். சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே கேட்கும். ஊரில் ஆலோசகர் இல்லையென்றால் முதல் உதவிக்கு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம்.

“எல்லாம் பிரமை” என்பது

படபடப்பு பிரமை இல்லை. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத்தான் அடிக்கும். அவர் தப்பாகப் புரிந்துகொள்வது காரணத்தை மட்டும்தான்.

“கூகுள் பார்க்காதீங்க” என்பது

பார்ப்பார்.

வராதவரை மறந்துவிடுவது

2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, ஆறு மாதமாவது நீடிக்கும் நோய்ப் பதற்றத்தில் இரண்டு வகை சொல்கிறது: ஓயாமல் டாக்டரிடம் ஓடுபவர், ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். இரண்டாமவரை நாம் தைரியசாலி என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை இருக்கும், இவர் மட்டும் பார்க்க மாட்டார். சளிக்கு மருந்து வாங்க வரும் மனைவி, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அதைச் சொல்வார். அந்த நேரத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள்.

முத்திரை குத்திவிட்டுத் தொட்டுப் பார்க்காமல் அனுப்புவது

எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, பயந்த சுபாவக்காரருக்கும் டெஸ்ட் எழுதத்தான் வேண்டும். போன வருடம், “வழக்கம்போல மூச்சு வாங்குது சார்” என்று வந்த ஒருவருக்கு இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.