மாநாட்டுக்குப் போகும் மொழி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

குன்னூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். அயல்மொழி கற்பித்தல் மாநாடுகளுக்குப் புதிதாகப் போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சான்றிதழுக்காக மட்டும் பணம் கட்டாதீர்கள். சில இடங்களில் மொழி, மேலாண்மை, பொறியியல் எல்லாம் ஒரே மாநாட்டில் இருக்கும். கட்டுரைச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே 'ஏற்கப்பட்டது' என்று பதில் வரும், கூடவே கட்டண விவரமும் வரும். உங்கள் கட்டுரையை அங்கே யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அதைவிடப் பெரிய தவறு, சொந்த வகுப்பறையை மலையிலேயே விட்டுவிட்டு இறங்குவது. என் முதல் கட்டுரை முழுக்க, 2001இல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட மொழித்திறன் வரையறை பற்றித்தான். ஏ1 முதல் சி2 வரை 6 நிலைகளையும் விளக்கினேன். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். பேசி முடித்ததும் ஒரு மூத்த பேராசிரியர், "உங்க பிள்ளைங்க வீட்டுல என்ன மொழி பேசுவாங்கம்மா?" என்று கேட்டார். சிலர் படுக மொழி, சிலர் தமிழ், சிலர் மலையாளம் என்றேன். "அதைச் சொல்லுங்க, எங்களுக்கு அதுதான் தெரியாது" என்றார்.

அடுத்த முறை பிரெஞ்சில் எதிரில் இருப்பவரைக் குறிக்கும் 'து', 'வூ' என்ற இரண்டே சொற்களை எடுத்துக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான் என்பதால், ஆங்கிலம் வழியாக இதைப் புரியவைக்க ஒரு பீரியட் ஆகும். 'நீ, நீங்க மாதிரி' என்று தமிழில் சொன்னால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் அப்புறம்தான் வரும். பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலும் தாத்தா பாட்டியையும் 'து' என்றுதான் அழைப்பார்கள் என்றதும் ஒரு பையன் எழுந்து, "தாத்தாவைப் போய் நீன்னு சொல்றதா மிஸ்?" என்றான். அந்தக் கேள்வியை அப்படியே மாநாட்டில் வைத்தேன். நேரம் முடிந்த பிறகும் பேச்சு ஓயவில்லை.

கட்டுரையைத் தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள். 15 நிமிடம் தந்தால் 12 நிமிடத்தில் முடித்துவிட்டுக் கேள்விக்கு இடம் விடுங்கள்.

மலையிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று. காலையில் கோவையில் பேச வேண்டுமென்றால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பஸ் அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் அமர்வு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். டீ இடைவேளையில்தான் ஒருவர் தன் வகுப்புப் பயிற்சித்தாளை எடுத்துக் காட்டுவார். கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய வாரமே அதை வகுப்பில் நடத்திப் பார்த்து, எப்படிப் போனது என்று அவருக்கு ஒரு மெயில் போடுங்கள்.