கிளுவை வேலி அமைக்கும் முறை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரக் கொறங்காடுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் உயிர்வேலி பெரும்பாலும் கிளுவையே. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த அந்த மேய்ச்சல் நிலங்களில் காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் காவலின்றி விட முடிவதற்கு இந்த வேலியே காரணம்.

வேலிக்கு முட்கிளுவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் சிறுகிளைகள் கூரிய முள்ளாக முடியும்; இலைகள் மும்மூன்று சிற்றிலைகளாக அமைந்திருக்கும். மலைக்கிளுவையும் போத்து (நடுவதற்காக வெட்டிய கிளை) நட்டால் துளிர்க்கும். ஆனால் அதில் முள் இல்லாததால் ஆடுகளைத் தடுக்காது. மணமுள்ள பிசின் தரும் குக்குலு மரத்தின் நெருங்கிய இனமாகிய கிளுவையின் கிளையை ஒடித்தால் பிசின் மணம் எழும்.

கோடையில் மரம் இலையுதிர்ந்து நிற்கும்போதே போத்துகளை வெட்டி, மழைக்கு முன் நட்டுவிடுவது நல்லது. மணிக்கட்டுப் பருமனில், நான்கைந்து அடி நீளமுள்ள முற்றிய கிளைகளை எடுத்து, வெட்டுவாயில் கசியும் பால் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து, பிறகு ஓரடி ஆழக் குழியில் அடிப்பக்கம் கீழாக இருக்குமாறு நிறுத்தி மண்ணை நன்கு மிதித்து இறுக்க வேண்டும். தலைகீழாக நட்ட போத்து தேறாது என்பதால், வெட்டும்போதே அடிமுனையை அடையாளப்படுத்தி வைக்கலாம். போத்துகளுக்கு இடையே அரையடிக்கு மேல் இடைவெளி விடாமல், குறுக்கே வரிச்சு (நீளமான குச்சி) வைத்துக் கட்டினால் காற்றில் அசையாமல் வேர்பிடிக்கும்.

முதல் ஆண்டில் ஆடுகளை அண்டவிடக் கூடாது. இளந்துளிரை அவை விரும்பித் தின்றுவிடும். அடுத்த கோடையில் இலை முழுவதும் உதிர்ந்ததைக் கண்டு, பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. அது மிகுந்த வருத்தத்திற்குரியது. காகிதம்போல் உரியும் மேற்பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பசுமை தெரியும். அப்படித் தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. மழை பெய்ததும் துளிர்க்கும்.

வேலி தேறியபின் ஆண்டுக்கொருமுறை தலையை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் அடர்ந்து வரும். வெட்டிய தழை ஆடுகளுக்கு உணவாகும். முற்றிய கிளைகள் சந்து விழுந்த இடங்களுக்குப் புதிய போத்தாகும். வேலியில் தானாகப் படரும் பிரண்டையையும் கோவைக்கொடியையும் அறுத்தெறிய வேண்டியதில்லை. அவை வீட்டுச் சமையலுக்கு உதவும். கிளுவையை மூடி அமுக்கும் அளவுக்குப் பெருகினால் மட்டும் குறைத்துவிடலாம்.