துறை கலந்த பாடங்களில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

கலை, அறிவியல், சமூகவியல் என்று பல துறைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் பாடப்பட்டியலில் சில தலைப்புகள் கண்ணை இழுக்கும்: நதியும் நகரமும், இசைக்குள் கணிதம், நோயின் வரலாறு. இரண்டு மூன்று துறைகளைக் கலந்து, வகுப்பறைக்கு வெளியேயும் போய்ச் செய்து படிக்கும் பாடங்கள் இவை. முதல் சறுக்கல் அந்தத் தலைப்பிலேயே நடந்துவிடுகிறது. பெயரைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, சிலபஸைச் சாவகாசமாகத் திறப்பவர்கள் ஏராளம்.

திறந்ததும் முதலில் மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். களப்பணி என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பெரும்பங்கு மதிப்பெண்ணை எழுத்துத் தேர்வுக்குக் கொடுத்திருந்தால் அது வழக்கமான பாடம்தான். கூடவே ஒரு சுற்றுலா, அவ்வளவே. இரண்டு ஆசிரியர்கள் நடத்துகிறார்கள் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: இருவரும் சேர்ந்து வகுப்புக்கு வருவார்களா, பாதிப் பருவம் ஒருவர், மீதி இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வார்களா? வேதியியல்காரர் சொன்னதை வரலாற்றுக்காரர் அதே அறையில் மறுக்கும்போதுதான் இந்தப் பாடங்களுக்கு உயிர் வருகிறது.

"வெளியே போற பாடம், ஈஸியா இருக்கும்" என்ற எண்ணத்தையும் பதிவுக்கு முன்பே கழற்றி வைத்துவிடலாம். அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரத்தில் முடிந்துவிடும். வேறு வகுப்பு குறுக்கே வராததால் களப்பயணம் போவது சுலபம். ஆனால் அங்கே ஒரு நாள் வகுப்பைத் தவறவிட்டால், வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தைத் தவறவிட்ட கணக்கு. சாதாரணப் பருவமுறைக் கல்லூரிகளில் சிக்கல் வேறு மாதிரி: களத்துக்குப் போகும் நாளில் மற்ற பாடத்தில் தேர்வு இருக்கும். தேதிகளை முதல் வாரமே மற்ற ஆசிரியர்களிடம் சொல்லி வைக்காவிட்டால், பிறகு கெஞ்ச வேண்டியதுதான்.

இதெல்லாம் நிர்வாகச் சிக்கல்கள். நிஜமான தவறு குழு அறிக்கையில் நடக்கிறது.

ஓர் ஆற்றின் மாசு பற்றிய பாடம் என்று வையுங்கள். குழுவில் வேதியியல் மாணவி நீரை அளக்கிறாள். வரலாற்று மாணவன் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய தொழிற்சாலைப் பதிவுகளைப் படிக்கிறான். பொருளியல் மாணவன் ஒரு வரைபடம் போடுகிறான். கடைசி இரவு மூன்று பகுதிகளையும் ஒரே கோப்பில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். மூன்றும் தனித்தனியாக நன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்று இன்னொன்றை எங்கேயும் தொட்டிருக்காது.

அதே குழு கொஞ்சம் முன்னதாகப் பேசியிருந்தால்? ஆற்றின் மேல்பகுதியில் குரோமியம் பயன்படுத்திய தோல் பதனிடும் ஆலை ஒன்று பல ஆண்டுகள் இயங்கியது என்று பழைய பதிவு சொல்கிறது. அந்த ஆலைகளிலிருந்து வரும் குரோமியம் பெரும்பாலும் நீரில் எளிதில் கரையாத வடிவில் இருப்பதால் அடிவண்டலில் போய்ப் படிந்துவிடும். அப்படியானால் நீரை மட்டும் அளந்து "சுத்தம்" என்று எழுதுவது தவறு. ஆலை இருந்த இடத்துக்குக் கீழே வண்டலைத் தோண்டிப் பார்க்க வேண்டும். எங்கே, எதை அளப்பது என்பதை இங்கே வரலாறு முடிவு செய்கிறது. வண்டலில் குரோமியம் கிடைக்காவிட்டால் பதிவைத் திரும்பச் சந்தேகிக்க வேண்டும். ஒரு துறையின் விடை இன்னொன்றின் கேள்வியை மாற்றியதா என்று அறிக்கையை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாற்றவே இல்லையென்றால் நடந்தது வேலைப் பங்கீடு மட்டும்தான்.

அடுத்தது, போய் வந்ததையே படிப்பாக எடுத்துக்கொள்வது. அனுபவத்திலிருந்து கல்வி பிறக்கிறது, ஆனால் எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்விச் சிந்தனையாளருமான ஜான் டூயி 1938-லேயே எழுதிவிட்டார். கல்விக் கோட்பாட்டாளர் டேவிட் கோல்ப் 1984-இல் இதை நான்கு கட்டங்களாக விரித்தார்: அனுபவிப்பது, அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுக் கருத்துக்கு வருவது, அந்தக் கருத்தைப் புதிதாகச் சோதிப்பது. பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கள நாட்குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். "இன்று ஆற்றுக்குச் சென்றோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது." இதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதியிருந்தால் வேறு கதை: "மூன்றாவது இடத்தில் கரைந்த ஆக்சிஜன் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனால் அளந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. பாசி ஒளிச்சேர்க்கை செய்யும் நேரம். விடிவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும்." நாலு வரிதான், நான்கு கட்டமும் இருக்கிறது. அன்றன்றே எழுதினால்தான் இது வரும். பருவ இறுதியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதும் நாட்குறிப்பில் எல்லா நாளும் பயனுள்ளதாகவே இருக்கும்!

மக்களிடம் போகும் பாடங்களில் இன்னும் கவனம் தேவை. ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு குடியிருப்புக்குள் நுழைந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு காணாமல் போவது மரியாதை இல்லாத வேலை. அறிக்கையின் ஒரு பிரதியாவது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். விதிமுறையும் உண்டு: அமெரிக்கக் கல்லூரிகளில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை நெறிமுறைக் குழு பரிசீலிக்கும்; 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வேரூன்றிய நடைமுறை இது. வகுப்புப் பயிற்சிக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஆனால் அதே பேட்டிகளைப் பின்னால் ஆய்வுக் கட்டுரையாக்க ஆசைப்பட்டால், முடிந்துபோன வேலைக்கு அனுமதி வாங்குவது பொதுவாக நடக்காது. அந்த எண்ணம் துளி இருந்தாலும் முதல் பேட்டிக்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

கலந்த பாடங்களாகவே பொறுக்கி எடுத்து, எந்தத் துறையிலும் ஆழமாக இறங்காமல் நாலு வருடத்தை ஓட்டுபவர்களும் உண்டு. புள்ளியியலோ, ஒரு மொழியோ, ஆய்வகப் பயிற்சியோ, ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் குழுவில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கும்.

கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளி) விஷயம் சுருக்கமாக: இந்தப் பாடம் உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைத் துறைக்குக் கணக்காகுமா, எல்லா மாணவர்களும் முடிக்க வேண்டிய பொதுத் தேவைக்கா, இரண்டுக்குமா என்பதை அட்வைசரிடம் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரிடம்) மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வராந்தாவில் நின்றபடி "ஆகும்னு நினைக்கிறேன்" என்று அவர் சொன்னது, பட்டம் வாங்கும் பருவத்தில் பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது.