ஆண் மார்பு ஆபரேஷன்: கொழுப்பா, சுரப்பியா, தோலா என்று தெரிந்துகொண்டு போங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நான் ஆண் நர்ஸ். வார்டில் எல்லோருக்கும் நான் 'பிரதர்'. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளெல்லாம் டிரஸ்ஸிங் அறையில் என்னிடம்தான் வந்து சேரும். பையன்கள் சட்டையைக் கழற்றத் தயங்கிக்கொண்டே கேட்பார்கள்: "பிரதர், நெஞ்சு பெருசா இருக்கே, ஆபரேஷன் பண்ணா போயிடுமா? எவ்வளவு ஆகும்?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

ஆண் மார்பு பெரிதாகத் தெரிய மூன்று காரணங்கள் இருக்கலாம்: கொழுப்பு, பால் சுரப்பித் திசு, தொங்கும் தோல். பலருக்கு இவை கலந்தே இருக்கும். சுரப்பி வளர்ந்திருந்தால் அதற்குப் பெயர் கைனகோமாஸ்டியா. வெறும் கொழுப்பு என்றால் அது போலி கைனகோமாஸ்டியா. எந்த ஆபரேஷன், எவ்வளவு தழும்பு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் இந்த மூன்றின் அளவை வைத்துத்தான்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து ஒரு கையைத் தலைக்குக் கீழே வையுங்கள். மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கத்திலிருந்தும் காம்பை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். காம்புக்கு நேர் கீழே அழிரப்பர் போலக் கொஞ்சம் உறுதியான ஒரு வட்டம் தட்டுப்பட்டால் அது சுரப்பி. காம்பு வரை எதுவும் தட்டுப்படாமல் விரல்கள் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் கொழுப்புதான்.

தட்டுப்படுவது கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா? காம்புக்கு நேராக இல்லாமல் ஒரு ஓரமாக இருக்கிறதா? காம்பிலிருந்து ரத்தம் கசிகிறதா, தோல் உள்ளே இழுத்திருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அழகு ஆபரேஷன் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோயில் ஆண்களின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நமக்கெல்லாம் அது வராது என்ற நினைப்பில்தான் ஆண்கள் முற்றிய பிறகு வருகிறார்கள்.

ஆபரேஷனே வேண்டாதவர்கள்

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன்களை அம்மாக்கள் கூட்டி வருவார்கள். எங்கள் சர்ஜன் சோதித்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்கம்மா, தானா அடங்கும்" என்று அனுப்பிவிடுவார். வளரும் பருவத்தில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது சுரப்பி வீங்குவது ரொம்ப சகஜம். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் வடிந்துவிடும். இரண்டு வருடம் தாண்டியும் அப்படியே இருந்தால் திசு நாராக இறுகியிருக்கும், இனித் தானாகப் போக வாய்ப்புக் குறைவு. ஆபரேஷன் பேச்சு அப்போது வரட்டும்.

அடுத்தது, சாப்பிடும் மருந்து. உடம்பில் நீர் கோத்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், பூஞ்சைக்கான கீட்டோகொனசோல் மாத்திரை, முடி கொட்டாமல் இருக்க எடுக்கும் ஃபினாஸ்டிரைடு, மனநல சிகிச்சையில் வரும் ரிஸ்பெரிடோன், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகலுடமைடு. இவையெல்லாம் மார்பைப் பெரிதாக்கக்கூடியவை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி தனிக் கதை. ஊசியைத் தொடர்ந்துகொண்டே ஆபரேஷன் செய்தால் மிச்சமிருக்கும் சுரப்பி மறுபடி வளரும். டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள், எங்களுக்கு அது புதிதும் இல்லை.

புதிதாக வந்து வலிக்கிற கட்டத்தில் டமாக்சிஃபென் மாதிரி மாத்திரையை டாக்டர்கள் சிலருக்குத் தருவதுண்டு. பழைய, இறுகிய சுரப்பிக்கு மாத்திரை வேலைக்கு ஆகாது. புஷ்-அப்பும் அப்படித்தான். அது அடியில் இருக்கும் தசையை வளர்க்கும், மேலே இருக்கும் சுரப்பியைக் கரைக்காது. கொழுப்பு மட்டும் என்றால் எடை குறைந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எடை குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் குறைத்து, அதே எடையில் சில மாதம் நின்ற பிறகு ஆபரேஷனுக்கு வாருங்கள். பிறகு குறைத்தால் தோல் தளர்ந்து இன்னொரு ஆபரேஷன் கேட்கும்.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன், ஈஸ்ட்ராடியால், புரொலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் பார்ப்பார்கள். எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. விதைப்பையைச் சோதிப்பார்கள், அதற்குக் கூச்சப்பட வேண்டாம். விதையில் வரும் சில கட்டிகள் முதலில் மார்பு வீக்கமாகத் தலைகாட்டும்.

மூன்று விதமான வேலை

1973-இல் சைமன் என்பவரும் கூட்டாளிகளும் வகுத்த நிலைகளைத்தான் இன்றும் பல கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். முதல் நிலை என்றால் லேசான வீக்கம், தோல் தளரவில்லை. இரண்டு ஏ என்றால் நடுத்தர வீக்கம், தோல் சரியாக இருக்கிறது. இரண்டு பி-யில் தோலும் கொஞ்சம் அதிகம். மூன்றாம் நிலையில் நன்றாகவே தொங்கும். உங்கள் நிலை எது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கொழுப்பு அதிகம் என்றால் லைப்போசக்ஷன். சலைனில் அட்ரினலினும் மரத்துப்போகும் மருந்தும் கலந்து மார்பில் ஏற்றுவார்கள். அதனால் ரத்தக்கசிவு குறையும். அக்குள் பக்கத்திலோ மார்பின் கீழ்க்கோட்டிலோ சில மில்லிமீட்டர் துளை போட்டு, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். வேசர் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கொழுப்பைக் கரைத்துவிட்டு உறிஞ்சுவது. குழாயே அதிரும் வகையும் உண்டு. மெஷின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்குமுன், பிடிக்கும் கை யாருடையது என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறுகிய சுரப்பி குழாயில் சரியாக வராது. லைப்போ மட்டும் பேக்கேஜில் செய்துகொண்டு, வீக்கம் வடிந்த பிறகு காம்பு மட்டும் கூம்பாகத் துருத்தி நிற்க, இரண்டாவது தடவை எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. விரலில் வட்டம் தட்டுப்பட்டதென்றால், "சுரப்பியையும் எடுப்பீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சுரப்பியை எடுக்கக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறுவார்கள். வெப்ஸ்டர் என்ற சர்ஜன் 1946-இல் விவரித்த முறை. கருந்தோலும் மற்ற தோலும் சேரும் கோட்டிலேயே தழும்பு விழுவதால் ஆறிய பிறகு தேடிப் பார்த்தால்தான் தெரியும். சிலர் லைப்போவுக்குப் போட்ட துளை வழியாகவே சுரப்பியைத் துண்டு துண்டாக இழுத்து எடுப்பார்கள். எல்லாச் சுரப்பிக்கும் அது சரிப்படாது. எங்கள் தியேட்டரில் அதிகம் நடப்பது லைப்போவும் சுரப்பி நீக்கமும் சேர்ந்தது: ஓரங்களைக் குழாயால் சமப்படுத்திவிட்டு நடுவில் இருப்பதைக் கீறி எடுப்பது.

"டாக்டர், ஒண்ணுகூட விடாம எடுத்துடுங்க" என்று கேட்காதவர் இல்லை. காம்புக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது திசுவை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். துடைத்து எடுத்தால் காம்பு தசையோடு ஒட்டி உள்ளே குழி விழுந்துவிடும். மிச்சம் இருப்பதை இன்னொரு தடவை எடுத்துவிடலாம், குழியை நிரப்புவதுதான் பெரிய பாடு.

தோல் தொங்கினால் கதை வேறு. இரண்டு பி நிலையில் பல சர்ஜன்கள் முதலில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, தோல் தானாகச் சுருங்குகிறதா என்று 6 மாதமாவது பார்ப்பார்கள். இளம் வயதுத் தோல் ஆச்சரியமாகச் சுருங்கும். மூன்றாம் நிலைக்கும், எடையை ஏகமாகக் குறைத்தவர்களுக்கும் தோலை வெட்டியே ஆக வேண்டும். கருவட்டத்தைச் சுற்றி வளையமாக வெட்டலாம், அல்லது மார்பின் கீழ்க்கோட்டில் நீளமாக வெட்டலாம். சிலருக்குக் காம்பைத் தனியாக எடுத்துப் புது இடத்தில் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய காம்பில் பழைய உணர்ச்சி இருக்காது, நிறமும் திட்டுத் திட்டாக மாறலாம். சட்டை போட்டால் தட்டையான மார்பு, கழற்றினால் நீளத் தழும்பு. உங்களுக்கு எது பரவாயில்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினாவைச் சேர்ந்த பால் என்ற கிரேக்க மருத்துவர் ஆண் மார்புக்குப் பிறை வடிவக் கீறலும், தோல் அதிகம் என்றால் இரண்டு பிறைகளாக வெட்டி நடுத்தோலை எடுப்பதும் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கூச்சமும் அவ்வளவு பழசு.

காது குத்திய இடமோ பழைய காயமோ தடித்துப் புடைக்கிற கீலாய்டு உடம்பு என்றால் முதல் ஓபி-யிலேயே சொல்லிவிடுங்கள். நெஞ்சு அது அடிக்கடி வரும் இடம்.

யாரிடம், எங்கே, எவ்வளவு

சர்ஜனுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். மயக்க டாக்டர் யார், ஆபரேஷன் முடியும் வரை உள்ளே இருப்பாரா என்று கேளுங்கள். மரத்துப்போகும் மருந்தின் அளவு எல்லை மீறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். முடி வெட்டும் நாற்காலிக்குப் பக்கத்து அறையில் லைப்போ செய்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எஸ்டிமேட்டில் மயக்கக் கட்டணம், பயாப்சி (எடுத்த திசுவை லேபில் சோதிப்பது), பிரஷர் வெஸ்ட் (மார்பை இறுக்கிப் பிடிக்கும் பனியன்), பிறகு வரும் டிரஸ்ஸிங் எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் விலக்குகள் பக்கத்தில் 'எக்ஸ்க்ல் 08' என்று ஒரு வரி இருக்கும். அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது, மருத்துவ அவசியம் என்று டாக்டர் சான்று தந்தால் பரிசீலிக்கலாம் என்பது அதன் சாரம். வலி, ஹார்மோன் கோளாறு ஏதாவது இருந்தால் சேர்வதற்கு முன்பே மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் வேலையைப் பார்க்கும் டி.பி.ஏ. மேசையில் கேட்டுவிடுங்கள். கையில் காசு இல்லையென்றால் மதுரை, சென்னை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுக் காட்டலாம். ராணுவ, போலீஸ் தேர்வு மெடிக்கலில் இந்த மார்பால் நிறுத்திவைக்கப்பட்டு வருகிறவர்கள், மறு பரிசோதனைத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீக்கம் வடிய நேரம் வேண்டும்.

ஆபரேஷனும் அதற்குப் பிறகும்

நாலு வாரம் முன்பே சிகரெட்டை விடுங்கள். புகைக்கிறவர்களுக்குக் காம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து காயம் ஆறத் தகராறு செய்யும். ஆஸ்பிரின் மாதிரி மருந்து எடுத்தால் எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் ரேசரால் நெஞ்சை மழித்துக்கொண்டு வராதீர்கள், சிராய்ப்பில் கிருமி சேரும். தேவையானதை நாங்களே டிரிம்மரால் செய்வோம். டி-ஷர்ட் வேண்டாம், பட்டன் சட்டை கொண்டுவாருங்கள். கையைத் தூக்காமல் போட அதுதான் வசதி. காலையில் உங்களை நிற்கவைத்து மார்க்கரால் கோடு போடுவார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்போது சொல்லுங்கள், படுத்துவிட்டால் மார்பின் அமைப்பே மாறிவிடும். ஃபோட்டோ எடுப்பார்கள். அது கேஸ் ஷீட்டுக்கு மட்டும்தானா, விளம்பரத்துக்கும் போகுமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். சிலருக்கு டிரெய்ன் குழாய் இருக்கும். அதில் சேரும் நீரை அளந்து எழுதிவையுங்கள், குறைந்ததும் எடுத்துவிடுவோம். முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, கருநீலமாகி வலி கூடினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். ராத்திரி இரண்டு மணியானாலும் போன் செய்துவிட்டு வாருங்கள். காய்ச்சல், சீழ் என்றாலும் அப்படித்தான். மற்றபடி நீலம் பச்சையாகி, மஞ்சளாகி வயிறு வரை இறங்குவது சாதாரணம். காம்பு மரத்துப்போவதும் சில வாரம், சில மாதம் இருக்கும். பெரும்பாலானோருக்குத் திரும்பிவிடும்.

பிரஷர் வெஸ்ட்டை நாலிலிருந்து ஆறு வாரம் போட வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது தண்டனைதான். ஆனால் கழற்றி வைத்தால் உள்ளே நீர் கோக்கும். இரண்டு வாங்குங்கள், ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு ஒன்றைப் போடலாம். முடிந்தால் மார்கழி, தை மாதத்தில் தேதி கேளுங்கள். மேசை வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். பைக், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, தண்ணீர் கேன் தூக்குவது எல்லாம் டாக்டர் சரி என்ற பிறகு. நெஞ்சுக்கான ஜிம் பயிற்சி சுமார் ஆறு வாரத்துக்குப் பிறகுதான். முதல் மாதம் கண்ணாடியில் பார்த்துவிட்டு "ஒண்ணும் குறையலையே பிரதர்" என்று அழாதீர்கள். வீக்கம் முழுக்க அடங்க 3 மாதமோ 6 மாதமோ ஆகும்.

எடுத்த திசுவைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். செலவு மிச்சம் என்று யாராவது வேண்டாம் என்றாலும் விடாதீர்கள். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று தையல் பிரிக்க வரும் அன்றே கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். எங்கள் வார்டில் யாரும் வந்து வாங்காத ரிப்போர்ட்டுகளுக்கென்றே தனி ஃபைல் போட்டு வைத்திருக்கிறோம்.