கொள்ளுத்தாத்தா கைவிட்டார், கல்யாணச் சான்றிதழ் காப்பாற்றியது

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். படித்தது தமிழ்ப்பள்ளி. வாக்கப்பட்டு வந்தது சென்னை வேளச்சேரி. தமிழச்சிதான், ஆனால் கையில் மலேசியா கடவுச்சீட்டு. விசாவை நீட்டி நீட்டி அலுத்துப்போய், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா இல்லாமலே இந்தியாவில் தங்க உதவும் ஓசிஐ (Overseas Citizen of India) அட்டைக்கு இறங்கினேன்.

கொள்ளுப்பேரப்பிள்ளைகள் வரைக்கும் வம்சாவளி வழியில் கேட்கலாம் என்கிறது சட்டம். எங்கள் கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அதற்கு ஆதாரம்? வீட்டில் கதை இருக்கிறது, காகிதம் இல்லை. எடுபடவில்லை.

வழி மாற்றினேன். இந்தியக் குடிமகனின் மனைவி என்றாலும் கேட்கலாம். திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் முன் 2 வருடம் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். கோயில் ரசீதும் ஆல்பமும் போதாது, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் செல்லும். நல்லவேளை, மாமியார் கல்யாணம் முடிந்த கையோடு பதிய வைத்திருந்தார். ("பேப்பர் இல்லாம எதுவும் நிக்காதும்மா!") இணையத்தில் விண்ணப்பித்து, அசல்களோடு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் உங்கள் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

அட்டை வந்தது. ஆனால் இது குடியுரிமை அல்ல: ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. விவாகரத்தானால் அட்டையும் ரத்தாகலாம். அட்டை வாங்கி 5 வருடமாகி, கடைசி 12 மாதம் இங்கேயே இருந்தால் குடியுரிமை கேட்கலாம். மலேசியக் குடியுரிமையை விட வேண்டும். அம்மா அங்கே இருக்கும்வரை எனக்கு மனசு வராது.